கப் வாங்காத ஹாக்கி கோச்சுக்கு மார்க் போட்ட கதை

எங்கள் கல்லூரி ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஹாக்கி கோச் வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது, ஒரு கோப்பையும் இல்லை. மூன்றாம் வருடம் மே மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, வேறு ஆள் பார்ப்பதா என்று பார்த்துச் சொல்ல நிர்வாகம் மூன்று பேரைப் போட்டது. உடற்கல்வி இயக்குநர், பழைய மாணவர் ஒருவர், அப்புறம் நான். நான் வணிகவியல் வாத்தியார். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணியில் ரைட் ஹாஃப், அதாவது நடுவரிசையில் வலது பக்கம், ஆடியவன் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். "ஒரு பக்கத்துல முடிச்சிருங்க சார். கப்பு எத்தன, செலவு எவ்வளவு, அவ்வளவுதான்" என்றார் செயலர்.

அந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு முழு சீசன் பிடித்தது. இதே வேலை நாளைக்கு வேறு கல்லூரியிலும் யார் தலையிலாவது விழும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கப் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளோடு நாங்கள் ஆடுவது நாக் அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்லூரி ஃபைலைப் புரட்டினால் இரண்டு வருடத்துக்கும் ஒரே வாசகம்: 'முதல் சுற்றில் தோல்வி'. முதல் வருடம் 0-5. எதிரணி நடந்து வந்து கோல் போட்டது, நானே பார்த்தேன். அடுத்த வருடம் 1-1 என்று முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்து, கோல் கீப்பரை (எங்கள் பேச்சில் கோலி) ஏமாற்றி, 8 வினாடிக்குள் கோல் போட வேண்டும். எங்கள் பையன் ஒருவன் கோலியை இடது பக்கம் விழவைத்துவிட்டுச் சுற்றி வந்து தட்டினான். சரளைக்கல் கலந்த கிராவல் தரை. பந்து ஒரு கல்லில் பட்டு வேகம் குறைந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் உருண்டுகொண்டிருந்தபோது விசில் ஊதிவிட்டது. அதோடு சீசன் முடிந்தது. எங்களை வென்ற அணி இறுதிப்போட்டி வரை போனது.

இரண்டையும் கோப்பு ஒரே தோல்வியாகத்தான் சொல்கிறது. கோச் அந்த ஒரு வருடத்தில் செய்த வேலை முழுவதும் இந்த இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. அதை எந்தக் காகிதத்திலும் பார்க்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. முதல்வர் அறையில் இருக்கும் பழைய கோப்பையைக் காட்டி, "அந்தக் கோச் இருந்தப்ப வாங்கலையா?" என்று கேட்பார்கள். வாங்கினோம். அந்த அணியில் மூன்று பையன்கள் கோவில்பட்டிப் பள்ளிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். கோவில்பட்டியில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது, சின்ன வயதிலேயே கையில் ஸ்டிக் வந்துவிடுகிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். அங்கிருந்து மூன்று பேர் வந்து சேர்ந்தால் கோச் ஊருக்குப் போயிருந்தாலும் கோப்பை வரும். இப்போது எங்களிடம் வருவது யார்? உச்சிப்புளி, தங்கச்சிமடம், பெரியபட்டினம், தேவிபட்டினம் பையன்கள். கால்பந்து தெரியும், வாலிபால் தெரியும், கபடி ரத்தத்தில் ஊறியது. ஹாக்கி ஸ்டிக்கைக் கல்லூரிக்கு வந்துதான் தொடுகிறான் பாதிப் பேர்.

ஆகவே நாங்கள் முதலில் செய்தது, ஒவ்வொரு பையனும் அணிக்குள் வந்தபோது என்ன தெரிந்து வந்தான் என்று எழுதியது. இதை வருட ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும், எந்தக் கல்லூரியும் செய்வதில்லை. பையன்களிடமே கேட்டு, பழைய புகைப்படம் பார்த்து, உடற்கல்வி இயக்குநரின் ஞாபகத்தையும் வைத்து ஒப்பேற்றினோம். கோச்சிடம் ஒரு நீள நோட்டு இருந்தது, அது பெரிய உதவி. சென்டர் ஹாஃப் ஆடும் பையனுக்கு நேராக, சேர்ந்த முதல் வாரத்தில், 'ரிவர்ஸ் ஸ்டிக் சுத்தமா இல்ல. ஓட்டம் இருக்கு. கோவம் ஜாஸ்தி' என்று எழுதியிருந்தார். அதே பையன் இப்போது இடது பக்கம் வரும் பந்தை ஸ்டிக்கைத் திருப்பி ஒரே தட்டில் நிறுத்துகிறான். கோபம் அப்படியே இருக்கிறது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறு ஒரு பட்டியல். எந்தப் பையனின் வீட்டுப் படகு எந்தத் துறையிலிருந்து என்றைக்குப் போகும், விசைப்படகா நாட்டுப்படகா, பையனும் கூடப் போவானா. விசைப்படகு அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். ராத்திரி முழுக்க வலை இழுத்த பையனை ஏழு மணிக்கு மைதானத்தைச் சுற்றி ஓடு என்றால் என்ன ஆகும்? ஆகவே அவனுக்கு அன்றைக்குச் சாயங்காலம் பயிற்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் சும்மா இருப்பார்கள். அப்போதுதான் உண்மையான முகாம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அந்தப் பையன்கள் அப்போதும் பாதி நாள் வர மாட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு கதை, தெரியாமல் பார்த்தால் வேறு கதை. நிர்வாகம் எங்களுக்குக் கொடுத்தது பதிவேட்டை மட்டும்தான். தடை முடிந்து படகுகள் கிளம்பும் ஜூன் பிற்பாதியிலும் ஜூலையிலும் வருகை விழுந்து கிடந்தது. 'பயிற்சியாளருக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று அதன் ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

பயிற்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நட்சத்திர ஆட்டக்காரனைப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே சுமாரான பையனைப் பாருங்கள். அவன் ஸ்டிக்கில் பந்து எத்தனை தடவை படுகிறது என்று கொஞ்ச நேரம் எண்ணுங்கள். நான் படித்த காலத்தில் பதினைந்து பேர் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக ஓடி கோலுக்கு அடிப்போம். சாருக்கு உட்கார்ந்து பார்க்க வசதி. ஒருவனுக்குப் பந்து கிடைப்பதற்குள் வேர்வை காய்ந்துவிடும். இவர் மைதானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார். ஒரு துண்டில் மூன்று பேர் இரண்டு பேரை எதிர்த்து, இன்னொன்றில் இரண்டுக்கு இரண்டு. எல்லை போடக் கூம்பு வாங்கக் காசில்லை, பழைய வலையிலிருந்து கழற்றிய மிதவைகளை வைத்திருந்தார். சுமாரான பையனுக்கும் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பந்து வந்தது. எங்கள் பழைய மாணவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இது நமக்குக் கெடைக்கலையே சார்" என்றார்.

நடுவில் செயலர் ஒரு நாள் மைதானத்துக்கு வந்தார். அவருக்கு ஹாக்கி என்றால் 1980 மாஸ்கோ, வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கம். அதற்கு அப்புறம் ஆட்டம் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "ஏன் ஆளை மாத்திக்கிட்டே இருக்காரு? யாரை எறக்குறதுன்னு அவருக்கே தெரியலையோ?" என்று கேட்டார். இன்றைக்கு ஆட்டம் 15 நிமிஷமாக நான்கு பகுதி. ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வெளியே மாற்றலாம், ஆஃப்சைடு விதி போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃபார்வர்டுகளை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றாத கோச்சைத்தான் சந்தேகப்பட வேண்டும். மதிப்பிட உட்காரும் குழுவில் இப்போதைய விதி தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு விளங்கியது. எனக்கே சிலது புதுசு. ஃப்ரீ ஹிட் கிடைத்தவன் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்பது நான் ஆடிய நாளில் கிடையாது.

ஆட்டங்களில் கோலை எண்ணுவதை விட்டுவிட்டு வேறு சிலதை எண்ணினோம். பந்தைக் கட்டுப்பாட்டோடு 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள், எத்தனை தடவை கொண்டுபோனார்கள். பந்து பறிபோனால் எத்தனை பேர் உடனே திரும்பி ஓடினார்கள், எத்தனை பேர் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். கடைசிப் பகுதியில் ஓட்டம் எப்படி. கார்டு எத்தனை. பச்சைக்கு 2 நிமிஷம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிஷம் பத்துப் பேரோடு ஆட வேண்டும். நடுவரிடம் வாயாடி வாங்கிய கார்டை நான் கோச் கணக்கில்தான் எழுதினேன். அவரே கோட்டோரம் நின்று கத்துகிறவர், பையன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். இதில் அவருக்கு நல்ல மார்க் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெனால்டி கார்னரில்தான் கோச்சின் கைவரிசை தெரியும். தடுக்கும் அணி 'டி'க்குள் தப்புச் செய்தால், பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு கோலுக்கு அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. ஓடும் ஆட்டத்தில் கோச் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆள். பெனால்டி கார்னரில் ஆட்டம் நின்று தொடங்குகிறது, யார் எங்கே நிற்பது என்பதை முந்தின நாளே தீர்மானிக்கலாம். தடுக்கும் அணியில் கோலியோடு சேர்த்து ஐந்து பேர்தான், மிச்சப் பேர் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பந்து 'டி'யை விட்டு வெளியே வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். டிவியில் பார்க்கும் டிராக் ஃப்ளிக்கை, அதாவது பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுவதை, கிராவலில் போட முயன்றால் பந்து ஸ்டிக்கில் தங்காது, துள்ளிவிடும். ஆகவே இவர் அதைத் தொடவே விடவில்லை. தள்ளிவிடுகிறவன், நிறுத்துகிறவன், அடிக்கிறவன் என்று மூவரைப் பிடித்து, தினமும் பயிற்சி முடிந்ததும் இருட்டும்வரை இதே வேலை. நிறுத்துகிற பையன் ஒரு முட்டியைத் தரையில் போட்டு, ஸ்டிக்கைப் படுக்க வைத்து, கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் இருப்பான். அவன் முழங்கால் தோல் காய்த்துப் போயிருந்தது. நேர் ஹிட் ஒன்று, இடது பக்கம் நழுவவிட்டு அடிப்பது ஒன்று, ஆக இரண்டே வகை. முதல் வருடம் கார்னர் கிடைத்தாலும் பந்தை நிறுத்தவே தெரியாமல் வீணாக்கிய அணி, இந்தச் சீசனில் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் கார்னரில் போட்டது.

சரி, எதிரணி கார்னரில்? அங்கேதான் ஓட்டை. அதற்கு வருகிறேன்.

மே மாதம், செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு, கோவில்பட்டிக்கு நட்புமுறை ஆட்டத்துக்குப் போனோம். எங்கள் பையன்களில் பலர் செயற்கைப் புல்லில் ஆடியதே இல்லை. தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், கிராவலில் பழகியவன் ஸ்டிக்கைக் கீழே வைப்பதற்குள் தாண்டிப் போய்விடும். இதற்குக் கோச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தடைக்காலத்தில் மீன் ஏலக்கூடம் காலி. மீனவர் சங்கத்தில் கேட்டு, அந்தச் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் பந்து வாங்கும் பயிற்சி. ஸ்டிக் தேய்ந்துவிடும் என்பதால் ஒடிந்ததைச் சுற்றிக் கட்டிய பழைய ஸ்டிக்குகள். வழுக்கும் என்பதால் ஓடவிடவில்லை, நின்ற இடத்தில் வாங்கி, நின்ற இடத்தில் தள்ள வேண்டும். மீன் வாடை ஒரு பக்கம், பையன்கள் சிரிப்பு ஒரு பக்கம். டர்ஃபுக்கு இது ஈடாகாது, வேகத்துக்குக் கண்ணைப் பழக்கும், அவ்வளவுதான். அது போதும் என்றார்.

விடியும் முன்னாலேயே வேன் பிடித்து சாயல்குடி, விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகப் போனோம். முதல் பகுதியிலேயே மூன்று கோல் வாங்கினார்கள். நான் வேண்டுமென்றே எங்கள் அணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதல் பகுதி முடிந்ததும் கிடைப்பது 2 நிமிஷம். அந்த 2 நிமிஷத்தில் கோச் என்ன பேசுகிறார் என்று கேட்டால் வருடம் முழுக்க அவர் செய்வது தெரிந்துவிடும். எதிரணியின் கோச் பெயர் பெயராகத் திட்டிக்கொண்டிருந்தார், மூன்று கோல் முன்னிலையில் இருந்தும். இவர் தண்ணீர் பாட்டில் எல்லாருக்கும் போகும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் சென்டர் ஹாஃபைப் பார்த்து, "எந்தப் பக்கம்டா காலியா விடுறாங்க?" என்றார்.

"ரைட் சைடு மாஸ்டர். அவங்க லெஃப்ட் பேக் ஏறி வந்துர்றான், திரும்பிப் போக மாட்றான்."

"அப்ப யாரு போகணும்?"

"நான் மாஸ்டர்" என்றான் வலது ஓரத்தில் ஆடும் கீழக்கரைப் பையன்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே போயிரு. வந்தப்புறம் ஓடாத."

அவ்வளவுதான் பேச்சு. மிச்ச மூன்று பகுதியில் இன்னும் இரண்டு வாங்கி, இரண்டு போட்டார்கள். 2-5 என்று தோல்வி. பையன்களுக்கு வாய் எடுத்துப் பேச இடம் இருந்தது, பேசியது சரியாகவும் இருந்தது. பார்த்ததைச் சொல்லத் தெரிந்த ஆட்டக்காரனை உண்டாக்க வருடக்கணக்கில் ஆகும். என் அறிக்கையில் முதல் இடம் இதற்குத்தான் கொடுத்தேன்.

அப்புறம் பையன்களிடம் பேசினோம். "கோச் எப்படி?" என்று கேட்டால் எல்லாரும் "சூப்பர் சார்" என்பார்கள். அது கேள்வியே இல்லை. தனித்தனியாகக் கூப்பிட்டு நான் கேட்டது ஒன்றே ஒன்று: "போன வாரம் உன்கிட்ட எதை மாத்தச் சொன்னாரு?" ஒருவன், "ஹிட் பண்றப்ப தோளத் தூக்குறேனாம்" என்றான். இன்னொருவன், "டேக்கிள் போகாத, ஓரத்துக்குத் தள்ளிட்டுப் போன்னாரு." மூன்றாவது பையன், "காலைல சாப்பிட்டு வரச் சொன்னாரு சார், அவ்வளவுதான்" என்று சிரித்தான். அவனுக்குச் சாப்பாடுதான் பிரச்சினை என்பதும் சரியாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பதில், ஒவ்வொன்றும் அந்தந்த ஆளுக்குப் பொருந்துகிற பதில். இப்படி வந்தால் கோச் ஒவ்வொருவனையும் பார்க்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் அந்தக் கேள்வி பெஞ்சில் உட்காரும் பையன்களிடம் போனதும் கதை மாறியது. "ஒண்ணும் சொல்லல சார்." "இன்னும் நல்லா ஆடுன்னாரு." கோலியைக் கேட்டால், "தைரியமா நில்லுன்னாரு சார்." கோலிக்கு அது பயிற்சியா? பந்து 156 முதல் 163 கிராம் வரை எடை, கல் மாதிரி இருக்கும். தைரியத்தோடு கால் எப்படி வைப்பது, எதிரணி கார்னரில் எந்த இடத்துக்கு எத்தனை அடி முன்னால் வருவது என்றும் சொல்லித் தர வேண்டும் இல்லையா? இவர் ஃபார்வர்டாக ஆடி வளர்ந்தவர். தனக்குத் தெரிந்ததை நன்றாகச் சொல்லித் தருகிறார், தெரியாத இடத்தைத் தைரியத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார். எதிரணிக் கார்னரில் வாங்கிய கோல்களுக்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. கார்னரைத் தடுக்க ஓடுகிறவர்களுக்கு முகமூடி வேண்டும், கல்லூரியில் இருப்பது இரண்டுதான். மூன்றாவது ஆளை அவர் ஓட விடுவதில்லை, கோல் வாங்கினாலும் பரவாயில்லை என்கிறார். காலில் கட்டும் ஷின் கார்டு இல்லாதவன் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. பயிற்சிக்கு முன்னால் நாலு பேர் வரிசையாக நடந்து கருவேல முள்ளும் கல்லும் பொறுக்க வேண்டும், சீனியர் ஜூனியர் பேதம் இல்லை.

பெற்றோர் கேட்பது வேறு. தங்கச்சிமடத்தில் ஒரு பையனின் அப்பாவைப் பார்த்தோம், வலை பின்னிக்கொண்டிருந்தார். "கப்பு கெடக்கட்டும் சார். எம்மவன் போட்டுக்கு வந்தா ஒரு நாள் கூலி மிச்சம். அத விட்டுட்டு மட்டையத் தூக்கிட்டு ஓடுறான். கடைசில ஒரு வேல கெடைக்குமா, அதச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி, இதற்கும் கோச்சுக்கும் சம்பந்தம் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு, சீருடைப் பணியாளர் தேர்வில் 10 சதவீதம். கல்லூரிகளுக்கிடையே வாங்கும் கோப்பை அதற்குப் பெரிதாக உதவாது. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் ஆடினால்தான் வேலைக்குக் காட்டும் படிவம் 3 சான்றிதழ் கிடைக்கும். ஆக, பல்கலைக்கழகத் தேர்வுக்கு எத்தனை பேரை அனுப்பினார், எத்தனை பேர் தேறினார்கள் என்பது கோப்பையை விடப் பையனின் வாழ்க்கைக்கு நெருக்கமான கணக்கு. இந்தக் கோச் வருவதற்கு முன்பு சில வருடங்கள் எங்களிலிருந்து ஒருவரும் தேறவில்லை. இவர் வந்த பிறகு வருடத்துக்கு ஒருவராவது தேறியிருக்கிறார்கள். நுழைவுப் படிவத்தில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒவ்வொருவனையும் உட்கார வைத்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். ஒரு எழுத்து மாறினால் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மைதானத்தில் தெரியாத வேலை இது. எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

மாணவிகள் சிலர் எங்களிடம் தனியாக வந்து, தங்களுக்கும் அணி வேண்டும் என்று கேட்டும் கோச் தள்ளிப்போடுகிறார் என்றார்கள். அவரைக் கேட்டால், கூடப் பெண் ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், இந்தச் சம்பளத்தில் இரண்டு அணி முடியாது என்றார். சம்பளம் பற்றி அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் கொத்தனார் அவரை விட அதிகம் சம்பாதிக்கிறார். ஆனாலும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டையும் அறிக்கையில் எழுதினோம்.

மார்க் போடும்போது எங்களுக்குள்ளேயே சண்டை. உடற்கல்வி இயக்குநர் நூற்றுக்கு நாற்பது மார்க் வெற்றிக்கு என்று ஒரு படிவம் தயாரித்துக்கொண்டு வந்தார். பழைய மாணவர் வெற்றிக்கு மார்க்கே வேண்டாம் என்றார். நான் இரண்டையும் ஏற்கவில்லை. ஜெயிக்கத்தான் ஆடுகிறோம், அதை ஒதுக்கினால் பையன்களே சிரிப்பார்கள். ஆனால் அந்த மார்க்கை ஒரு சீசனுக்குப் போடாமல் மூன்று சீசனுக்குச் சேர்த்துப் பார்க்கலாம், யாரோடு ஆடித் தோற்றார்கள், எத்தனை வித்தியாசத்தில் என்றும் பார்க்கலாம். 0-5, அப்புறம் 1-1, இந்த வருடம் முதல் சுற்றில் வெற்றி, அரையிறுதியில் 1-2. கடைசியில் எண்ணிக்கையையே விட்டுவிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு மூன்று வரி எழுதுவது என்று முடிவானது. செயலர் கேட்ட ஒரு பக்கம் நான்கு பக்கமானது.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் முன் அதைக் கோச்சிடம் படிக்கக் கொடுத்தோம். இதற்கு இயக்குநர் ஒத்துக்கொள்ளவே இல்லை, "அவரைப் பத்தி எழுதுனத அவருகிட்டயே காட்டுறதா?" என்றார். காட்டியதால்தான் இரண்டு தகவல் பிழை திருந்தியது. நடுவரிடம் கத்துவது பற்றிய வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது, ஒன்றும் சொல்லவில்லை. கோலி விஷயத்தில் மட்டும், "சரிதான் சார். எனக்கே வராது, எப்புடிச் சொல்லித் தர? கோவில்பட்டியில ஒரு பழைய கோல் கீப்பர் இருக்காரு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம வந்தாருன்னா போதும். பஸ் காசும் சாப்பாடும் குடுத்தா வருவாரு" என்றார். பெஞ்சுப் பையன்களுக்குத் தனி ஆட்டங்கள் ஏற்பாடு செய்வதாகவும் ஒப்புக்கொண்டார், ராமநாதபுரத்தில் உள்ள கிளப் அணிகளோடு.

ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது. நாங்கள் கேட்டது இரண்டு வருடம். கோலிக்குத் தனிப் பயிற்சி, தடுப்பவர்களுக்கு இன்னும் மூன்று முகமூடி, வருடத் தொடக்கத்திலேயே பையன்களின் நிலையை எழுதும் தாள், இதெல்லாம் அனுமதியானது. பெண்கள் அணி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. செயலர் கையெழுத்துப் போடும்போதும், "எல்லாம் சரி, அடுத்த வருசமாவது ஒரு கப்பு பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் போட்டார்.

கோவில்பட்டிக்காரர் ஜூலையிலிருந்து வருகிறார். பழைய கோலி படிப்பு முடிந்து போய்விட்டான். புதிதாக நிற்பவன் தங்கச்சிமடத்து வாலிபால் பையன், நல்ல உயரம், பேடு கட்டிக்கொண்டு நடக்கவே இன்னும் சிரமப்படுகிறான். பயிற்சிக்கு வருகிறவரின் பஸ் காசை மட்டும் அலுவலகம் இன்னும் கொடுக்கவில்லை. டிக்கெட்டை ஒட்டி ரசீது வேண்டுமாம். இப்போதைக்கு நானும் இயக்குநரும் மாறி மாறிக் கைக்காசைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.